கடற்கரையில் குழந்தைப் படம்: காலையா, மாலையா?

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் கைக்குழந்தையைப் படம் எடுப்பதென்றால் என் ஓட்டு காலைக்குத்தான்.

இங்கே சூரியன் கடல் பக்கம் எழுகிறது. குழந்தையைக் கடலுக்கு முதுகு காட்டி மடியில் வைத்துக்கொண்டால் முடியோரம் பொன்னிறக் கோடு விழும். முகம் இருண்டுவிடும்தான், போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும். கடலைப் பார்த்துத் திருப்பினாலோ கண் கூசிச் சுளிக்கும். கேமரா என்றால் ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதியும் நேரத்தை, 1/500 நொடி என்று வைக்கலாம், குழந்தை கையைக் காலை ஆட்டினாலும் படம் கலங்காது. ஆனால் எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அப்புறம் வெயில் சுடும், கண்ணுக்குக் கீழே நிழல் கறுக்கும். அதற்குள் பால் குடித்து, தூங்கி எழுந்து, சிரிக்கிற மனநிலையில் குழந்தை இருக்க வேண்டுமே!

மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்ததும் வெளிச்சம் மென்மையாகிவிடும், கண் கூசாது. ஆனால் சீக்கிரம் இருட்டும்; அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். பின்னணியில் பஜ்ஜிக் கடையும் கூட்டமும் வேறு. பல குழந்தைகள் சிணுங்கும் நேரமும் அதுவே. தாத்தா பாட்டியோடு குடும்பப் படம் எடுக்க மட்டும் மாலைக்குப் போங்கள். காலை ஆறு மணிக்கு எல்லோரையும் கிளப்புவது யாரால் ஆகும்?