காகித நட்சத்திரமா, மியூசிக்கல் சேரா, பரிசுப் பரிமாற்றமா? தொடக்க வகுப்புக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்திற்கு ஓர் ஒப்பீடு

இரண்டாம் பருவத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்கு முன்பு, கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்திற்கென்று ஒரு தொடக்க வகுப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி நாளின் கடைசி இரண்டு பாடவேளைகள்தாம். அதாவது 80 நிமிடம். வகுப்பில் 36 பிள்ளைகள், ஆசிரியர் ஒருவர், உதவிக்கு யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் எதைச் செய்யலாம் என்ற கேள்விக்கு, நான்காம் வகுப்பு எடுக்கும் நான் காகித நட்சத்திரத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். மற்றவற்றைத் தள்ளியதற்கும் இதை வைத்துக்கொண்டதற்கும் உள்ள காரணங்களை இங்கே எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதால், வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

செலவு, இடம், சத்தம் ஆகியவற்றை எல்லோரும் யோசிப்பார்கள். நான் முதன்மையாகப் பார்ப்பது வேறொன்று: எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடம், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அது. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது என்பதும், அடக்குவதிலேயே ஆசிரியரின் பாதி நேரம் போய்விடும் என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். காத்திருப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மெதுவாக ஓடும் பிள்ளை, கூச்சமுள்ள பிள்ளை, கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளை ஆகியோரே மிக நீண்ட நேரம் காத்திருப்பவர்களாக ஆகிறார்கள்.

மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்வோம். 36 பேர் ஆடினால் 35 சுற்றுகள் வரும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று குறைவாகவே கணக்கிட்டாலும், முதலில் வெளியேறும் பிள்ளை 34 நிமிடம் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்தவர் 33 நிமிடம், அதற்கடுத்தவர் 32. வெளியேறியவர்கள் அனைவரின் காத்திருப்பையும் கூட்டினால் 595 நிமிடம் வருகிறது. 36 பேரின் மொத்த விளையாட்டு நேரம் 1,260 நிமிடம் என்பதால், கொண்டாட்டத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியை வகுப்பு வேடிக்கை பார்ப்பதில் கழிக்கிறது என்றாகிறது. பிள்ளைகளை வெளியேற்றாமல் நாற்காலிகளை மட்டும் குறைத்து, மீந்திருப்பவற்றில் எல்லோரும் நெருக்கி உட்காரும் முறை ஒன்று உண்டு. அது இதைவிட மேலானது. ஆனால் பெஞ்சுகள் மட்டுமே உள்ள வகுப்பறையில் 36 நாற்காலிகளை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

பிறப்பு நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரியாள், யோசேப்பு, தேவதூதர், ஞானிகள் மூவர், இடையர் சிலர் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேடம் கிடைக்கும். மீதமுள்ளவர்களை ஆட்டுக்குட்டிகளாக்கி மேடையின் ஓரத்தில் மண்டியிடச் செய்ய வேண்டியிருக்கும். தேர்வுக்காலத்தில் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்குவதும் எளிதன்று. பள்ளி முழுவதற்குமான விழாவுக்கு நாடகம் அழகு; ஒரு வகுப்பின் 80 நிமிடத்திற்கு அது பொருந்தாது. கேக், பிஸ்கட் அலங்காரமும் அப்படியே. முட்டை சேர்க்காத வீட்டுப் பிள்ளைகளையும் ஒவ்வாமை உள்ளவர்களையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும். வேலை தொடங்கிய சில நிமிடங்களில் அது வயிற்றுக்குள் போய்விடுவதால் கற்பதற்கென்று அதில் பெரிதாக எதுவும் எஞ்சுவதில்லை.

பரிசுப் பரிமாற்றத்திற்கு, அதாவது நம் ஊரில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு என்று வழங்கும் விளையாட்டுக்கு, பிள்ளைகளிடையே இருக்கும் வரவேற்பை மறுக்க முடியாது. சீட்டு எடுத்த நாளிலிருந்தே வகுப்பில் ஒரு குறுகுறுப்பு பரவிவிடுகிறது. ஆனால் சீட்டுக் குலுக்கலிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 36 பேர் தங்கள் பெயர்களை எழுதிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கும்போது, குறைந்தது ஒருவருக்காவது அவருடைய பெயரே வந்து சேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. எண்ணிக்கை பத்தாக இருந்தாலும் நூறாக இருந்தாலும் இந்த விகிதம் அநேகமாக மாறுவதில்லை என்பது நிகழ்தகவுக் கணக்கின் வேடிக்கைகளில் ஒன்று. எனவே குலுக்கல் ஒரே தடவையில் முடியாது என்று எதிர்பார்த்தே இறங்க வேண்டும். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கலைத்த பெயர்ப்பட்டியலின் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

தீராத தொல்லைகள் இரண்டு. 50 ரூபாய்க்குள் என்று வரம்பு வைத்தாலும், ஒரு வீட்டிலிருந்து பளபளப்பான பெட்டியும் இன்னொரு வீட்டிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பென்சிலும் வரும். பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். இரண்டாவது, விடுமுறைக்கு முந்தைய நாளில் ஊருக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள். வராத பிள்ளை ஒருவர் என்றால் பரிசு கிடைக்காத பிள்ளையும் ஒருவர். உபரிப் பொட்டலங்கள் சிலவற்றை ஆசிரியர் மேசைக்குள் வைத்திருப்பது கட்டாயம். இவை எல்லாவற்றையும் சமாளித்தாலும், ஒவ்வொருவராக எழுந்து, பெயர் சொல்லி, பரிசு கொடுத்து, வாங்கியவர் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தில் மற்ற 34 பேர் காத்திருப்பார்கள்.

என் கணக்கில் இரண்டாம் இடம் வாய்ப்பாட்டுத் தம்போலாவுக்கு. தம்போலா என்பது, சொல்லப்படும் எண் தன் சீட்டில் இருந்தால் அதை அடித்துக்கொண்டே போகும் ஆட்டம். அச்சடித்த தம்போலாச் சீட்டு இதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையும் நோட்டுத் தாளில் ஒன்பது கட்டம் வரைந்து, 100 வரையிலான எண்களில் தனக்குப் பிடித்த ஒன்பதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் எண்ணைச் சொல்லாமல் "ஆறேழு?" என்று கேட்பார், 42 இருப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். 1 முதல் 10 வரையிலான வாய்ப்பாடுகளில் வரும் விடைகளை, திரும்ப வருவனவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 42 எண்கள்தாம் தேறும். ஆகவே 23, 37, 58 போன்றவற்றை எழுதியவர்களுக்குக் கட்டம் நிரம்பவே நிரம்பாது. "மிஸ், எனக்கு மட்டும் 23 வரவே மாட்டேங்குது" என்று ஒருவர் முறையிடும் அந்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி, ஏன் என்று வகுப்பையே கேட்கலாம். அடுத்த ஆட்டத்திற்குப் பிள்ளைகள் எண்களைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடும். 12, 24 ஆகியவை பல வழிகளில் வரக்கூடியவை என்பதைச் சிலர் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் 36 பேருக்கும் உரியது என்பதால் இதில் வெளிப்படையான காத்திருப்பு இல்லை. ஆயினும் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளை, பக்கத்துச் சீட்டைப் பார்த்தபடி பென்சிலை உருட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாத காத்திருப்புதான். மேலும், இதைத் தையிலும் ஆடலாம், ஆடியிலும் ஆடலாம்; கிறிஸ்துமஸுக்கென்று இதில் தனியாக ஒன்றுமில்லை.

இனி நட்சத்திரம். கைவேலை என்றவுடன் பலரும் நாடுவது, தாளைப் பல மடிப்பாக மடித்துக் கத்தரிக்கும் ஆறுமுனைப் பனித்துகள். நீர் உறையும்போது மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால்தான் பனித்துகளுக்கு ஆறு கைகள் என்ற அறிவியலைச் சொல்ல அது நல்ல வாய்ப்பு. ஆனால் மடித்து முடிக்கும்போது தாள் 12 அடுக்காகிவிடுகிறது. நுனி மழுங்கிய பள்ளிக் கத்தரிக்கோலால் ஒன்பது வயதுப் பிள்ளை 12 அடுக்கை வெட்ட முடியாது. "மிஸ், வெட்டிக் கொடுங்க" என்ற வரிசை ஆசிரியர் மேசையிலிருந்து கதவு வரை நீளும். மியூசிக்கல் சேரில் சுவரோரம் நடக்கும் அதே காத்திருப்பு இங்கே மேசையோரம் நடக்கிறது.

ஆகவே கத்தரிக்கோலே வேண்டாத எட்டுமுனை நட்சத்திரத்தைப் பரிந்துரைக்கிறேன். பட்டம் ஒட்டும் மெல்லிய வண்ணத்தாளில் 12 சென்டிமீட்டர் சதுரங்கள் ஒரு பிள்ளைக்கு எட்டு. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து விரித்தால் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் ஒரு முனையிலிருந்து பிரியும் இரண்டு ஓரங்களையும் கோட்டோடு சேர்த்து மடித்தால், ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் செங்கோணமாகவும் அமைந்த பட்ட வடிவம் கிடைக்கும். இப்படி எட்டும் மடித்த பிறகு, செங்கோண மூலைகள் அனைத்தும் ஒரே புள்ளியில் கூடுமாறும், ஒவ்வொரு துண்டின் அடி ஓரமும் முந்தைய துண்டின் நடுக்கோட்டில் படியுமாறும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு துண்டும் 45 பாகை நகர்வதால், எட்டாவது துண்டு வரும்போது 360 பாகை நிறைந்து வட்டம் மூடிவிடுகிறது. பாகை இன்னும் அறியாத வகுப்பில் "செங்கோணத்தில் பாதி" என்றால் போதும். எட்டுப் பாதி சேர்ந்தால் நான்கு செங்கோணம், அதாவது ஒரு முழுச்சுற்று என்பதைப் பிள்ளைகள் விரலால் தடவியே புரிந்துகொள்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தாள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்கள் அடர்ந்து, பெரிய நட்சத்திரத்திற்குள் சின்ன நட்சத்திரம் தெரியும்.

காத்திருப்புக் கணக்கில் இது வெல்வதற்குக் காரணம், ஒரே மடிப்பு எட்டு முறை திரும்ப வருவதுதான். முதல் துண்டுக்கு ஆசிரியர் உதவி தேவை. இரண்டாவதற்குப் பக்கத்துப் பிள்ளையின் உதவி போதும். நான்காவதிலிருந்து யாரும் வேண்டியதில்லை. வேகமானவர்கள் முடித்துவிட்டு அடுத்தவருக்குக் காட்டிக்கொடுப்பதில் இறங்கிவிடுகிறார்கள், மெதுவானவர்கள் தங்கள் வேகத்தில் தொடர்கிறார்கள். யாரும் தோற்று வெளியேறுவதில்லை.

வரிசை உருவாகக்கூடிய ஒரே இடம் கோந்து. ஆறு பேருக்கு ஒரு கோந்து பாட்டில் என்று வைத்தால் அதைச் சுற்றியே சண்டை மூளும். மைதாப் பசை காய்ச்சி, தண்ணீர் பாட்டில் மூடிகளில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, தொட்டு வைக்க ஓர் ஈர்க்குச்சியும் கொடுத்துவிட்டால் சிக்கல் முடிந்தது. ஈர்க்கு நுனியில் எடுக்கும் அளவுக்குமேல் பசை வைத்தால் மெல்லிய தாள் நனைந்து கிழியும் என்பதால், குச்சியே அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது.

ஆசிரியருக்கு இதில் உண்மையான சுமை முன்தயாரிப்புதான். 36 பேருக்கு 288 சதுரங்கள் வேண்டும். 50-க்கு 75 சென்டிமீட்டர் தாளில் 24 சதுரம் தேறும் என்பதால் 12 தாள் போதும். கிழிசலுக்கென்று ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். இவற்றை வீட்டில் உட்கார்ந்து அளவுகோலும் பிளேடுமாக வெட்டத் தொடங்கினால் ஓர் இரவு போய்விடும். புத்தக பைண்டிங் செய்யும் கடையில் கொடுத்தால், கட்டிங் இயந்திரத்தில் மொத்தமாக வைத்துச் சில நிமிடங்களில் துல்லியமாக வெட்டித் தருவார்கள். துல்லியம் இங்கே அலங்காரமன்று. சதுரம் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் மூலைகள் பொருந்தாது. அந்தப் பிசகு எட்டு முறை கூடி, கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் இடையில் இடைவெளியாக வந்து நிற்கும்.

கணிதத்திற்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திற்கும் உள்ள உறவு நாமாக ஒட்டவைத்ததுமன்று. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மொராவிய நட்சத்திரம், 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் மொராவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில் வடிவியல் பயிற்சியாகத்தான் தோன்றியதாக அறியப்படுகிறது. இன்று அங்கே விற்கும் வழக்கமான வடிவத்தில் சதுர அடி கொண்ட 17 முனைகளும் முக்கோண அடி கொண்ட 8 முனைகளும் இருக்கின்றன. நான்காம் வகுப்பில் அதைச் செய்ய முடியாது; ஆனால் படத்தைக் காட்டி முனைகளை எண்ணச் சொல்லலாம்.

பல சமயத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பில், நட்சத்திரம் யாருக்கும் அந்நியமாக இருப்பதில்லை என்பதும் ஒரு வசதி. மத்தேயு நற்செய்தியில் ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீன் அது என்பதை ஒரு கதையாகச் சொல்லலாம். பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகள் குறிப்பிடப்படுகின்றனவே தவிர, வந்தவர்கள் மூவர் என்று அங்கே எழுதப்படவில்லை. இது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளையே வியக்கவைக்கும் வினாடி வினாக் கேள்வி.

நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் கண்ணாடி ஜன்னல் இல்லை, கம்பிதான் இருக்கிறது. எனவே ஜன்னலின் குறுக்கே நூல் கட்டி அதில் தொங்கவிட வேண்டியிருக்கும். காற்றடித்தால் சில கிழியும். விடுமுறைக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவதே நல்லது.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் என் அனுபவம் குறைவு. எட்டுத் துண்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு துண்டு மடித்து, எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நட்சத்திரம் ஒட்டுவது அங்கே எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். விரல்களைப் பயன்படுத்துவதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்குச் சதுரத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம் என்பதும் ஊகமே. ஐம்பது பேருக்கு மேற்பட்ட வகுப்பிலோ, ஒரே ஒரு பாடவேளை மட்டும் கிடைக்கும் நாளிலோ, ஒட்டும் வேலை பாதியில் நின்றுவிடும் அபாயம் இருப்பதால் தம்போலாவே பாதுகாப்பானது. 80 நிமிடமும் முழுதாகக் கிடைத்தால் நட்சத்திரத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, பசை காயும் மீதி நேரத்தில் ஓர் ஆட்டம் தம்போலாவும் ஆடிவிடலாம்.