எட்டு வருஷத்துக்கு மேல ரீசார்ஜபிள் பேட்டரி: எதுல போடலாம், எதுல போட்டு வாசல்ல நின்னேன்

எங்க சிங்கப்பூர் வீட்டு டிவி கேபினட் டிராயர்ல ஒரு பழைய மைலோ டின் இருக்கு, அதுல இப்ப எண்ணிப் பார்த்தா ரீசார்ஜபிள் பேட்டரி, டபுள் ஏ 14, டிரிபிள் ஏ 10. 2016 கடைசியில பெரியவனுக்கு ரயில் செட் வாங்கினப்ப ஆரம்பிச்ச கதை இது. அந்த ரயில் ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு ஜோடி பேட்டரியைத் தின்னுடும், புளோக் கீழ மாமா கடைக்காரர் (சின்ன மளிகைக்கடைதான்) என்னைப் பார்த்ததும் என்ன வேணும்னுகூட கேக்காம திரும்பி பேட்டரி அட்டையை எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. அன்னைக்குதான் இது சரிப்படாதுன்னு தோணுச்சு.

ஆனா ரீசார்ஜபிள்னாலே எனக்கு ஒரு பழைய கடுப்பு. 2004 தைப்பூசத்துக்கு, நான் அப்ப பாலிடெக்னிக் படிச்சிட்டிருந்தேன், மூணு வாரம் முன்னாடியே ஃபுல் சார்ஜ் போட்டு டிராயர்ல வெச்சிருந்த நாலு பேட்டரியை கேமராவுல போட்டுட்டுப் போனேன், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் வாசல்ல நாலஞ்சு படம் எடுக்கறதுக்குள்ள கேமரா கண்ணை மூடிருச்சு, எங்க சித்தப்பா காவடி டேங்க் ரோடு முருகன் கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு படம் இல்ல. சித்தி இன்னைக்கும் சொல்லிக்காட்டுவாங்க. அப்ப இருந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி எல்லாமே அப்படித்தான், சும்மா வெச்சாலே தானா இறங்கும். 2005 கடைசியில சான்யோ எனலூப்னு ஒன்னு கொண்டுவந்தாங்க, இப்ப பானசோனிக் பேர்ல வருது, அதுல இருந்துதான் சார்ஜ் போட்டு ஒரு வருஷம் டிராயர்ல கிடந்தாலும் பெரும்பங்கு அப்படியே நிக்கற பேட்டரி வந்துச்சு. வாங்கறப்ப அட்டையில 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' இல்லன்னா 'ரெடி டு யூஸ்'னு இருக்கான்னு மட்டும் பாருங்க.

பெரிய நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. நான் ஒரு செட் 2500 மில்லி ஆம்பியர் ஹவர் எனலூப் ப்ரோ வாங்கினேன், மத்த எனலூப் டபுள் ஏ எல்லாம் சாதா 2000. அட்டையில போட்டிருக்கறதே ப்ரோவுக்கு 500 தடவை சார்ஜ், சாதாவுக்கு 2100 தடவை. வீட்டு உபயோகத்துக்கு சாதா தாராளம். ஐக்கியா கடையோட சொந்த பேட்டரி லாடாவும் ரெண்டு செட் இருக்கு, தெம்பனிஸ் கடையில மீட்பால் சாப்பிடப் போனப்ப வாங்கினது, விலைக்கு ரொம்ப நல்லா உழைக்குது.

நான் பண்ண முதல் தப்பு பேட்டரியில இல்ல, சார்ஜர்ல. பேட்டரியோட சேர்த்து சும்மா மாதிரி குடுத்த ஒரு சார்ஜர், ரெண்டு ரெண்டாத்தான் ஏத்தும், நிறைஞ்சாலும் நிக்காது, டைமர் தீர்ற வரைக்கும் ஊத்திட்டே இருக்கும். ரயில்ல ஒரு பேட்டரி பாதி காலி, ரிமோட்ல இருந்து எடுத்தது முழுசா காலி, ரெண்டையும் ஜோடியா போட்டா ஒன்னு பட்டினி இன்னொன்னு வயிறு வெடிக்கும். எடுக்கறப்ப கை சுடும், நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்போலன்னு நானும் விட்டுட்டேன். ஒன்றரை வருஷத்துல முதல் செட் அவுட். அப்புறம் நாலு குழியும் தனித்தனியா பார்த்து, நிறைஞ்சதும் தானா நிக்கற சார்ஜரா வாங்கினேன், முப்பது வெள்ளி (டாலர்) கிட்ட ஆச்சு, அதுக்கு அப்புறம் வாங்கின எதுவும் இன்னும் சாகல (ஒன்னு காணாம போச்சு, அது சின்னவ கணக்கு).

இப்ப எதுல நல்லாயிருக்குன்னா, கேம் கன்ட்ரோலர், பொம்மை, டார்ச், வயர்லெஸ் மவுஸ், இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு போடலாம். ஏர்கான் ரிமோட்லயும் போட்டிருக்கேன், அது மிச்சம் பிடிக்கறதுக்காக இல்ல. ஒரு தடவை போட்டுத் தூக்கிப்போடற சாதா அல்கலைன் உள்ளயே மறந்து கிடந்தா கசிஞ்சு வெள்ளையா உப்பு பூத்துரும், அப்படி ஒரு ரிமோட்டும் ஒரு நல்ல டார்ச்சும் போச்சு எனக்கு, ரீசார்ஜபிள் இதுவரைக்கும் ஒன்னுகூட கசியல. சுவர்க் கடிகாரத்துக்கு வேண்டாம், அது ஒரு பேட்டரியில வருஷத்துக்கு மேல ஓடுது, அதுக்குப் போய் நாலஞ்சு வெள்ளி பேட்டரியை முடக்கறது வீண்.

அம்மாவோட பிபி மெஷின்லதான் தகராறு. ரீசார்ஜபிள் 1.2 வோல்ட், சாதா அல்கலைன் 1.5 வோல்ட், அதனால நல்லா சார்ஜ் இருக்கறப்பவே மெஷின் பேட்டரி கம்மினு படம் காட்டும். அது பாட்டுக்கு வேலை செய்யும்மான்னு எத்தனை தடவை சொன்னாலும் "இல்ல தம்பி, மெஷினே சொல்லுதுல்ல"னு அந்தப் படத்தைப் பார்த்தே அம்மாவுக்கு பிபி ஏறுது. அல்கலைனே போட்டுக் குடுத்துட்டேன்.

இப்ப வாசல்ல நின்ன கதைக்கு வரேன். எங்க வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு மெயின் டோர்ல டிஜிட்டல் லாக் போட்டோம், நாலு டபுள் ஏ. கூட வந்த புத்தகத்துல அல்கலைன் மட்டும்தான் போடணும்னு இருந்துச்சு, நான் கேக்கல. சாதா பேட்டரி இறங்கறப்ப படிப்படியா வோல்ட் குறையும், பூட்டு அதை வெச்சுத்தான் நாள் கணக்குல முன்னாடியே பாட்டுப் பாடி மாத்துன்னு சொல்லும். ரீசார்ஜபிள் கடைசி வரைக்கும் 1.2 கிட்டயே நின்னுட்டு திடீர்னு மலை உச்சியில இருந்து விழற மாதிரி விழும், பூட்டு பாடறதுக்கு நேரமே கிடைக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்ல இருந்து மீனும் நண்டுமா ரெண்டு கையில பை, கூட அம்மா, ரெண்டு பிள்ளைங்க, நம்பர் அடிச்சா பூட்டு செத்த பொணம் மாதிரி கிடக்கு. சாவி? உள்ள. என் மனைவி ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயமா இருந்துச்சு. எதிர்வீட்டு மலாய் ஆண்ட்டி மீனை வாங்கி அவங்க ஃபிரிட்ஜ்ல வெச்சாங்க, நான் கீழ ஓடி மாமா கடையில சதுரமா இருக்குமே 9 வோல்ட் பேட்டரி, அதை வாங்கிட்டு வந்து பூட்டுக்கு வெளிய இருக்கற ரெண்டு முனையில வெச்சு அழுத்திப் பிடிச்சு நம்பர் அடிச்சேன், திறந்துச்சு. கடைக்காரர் வேற "என்ன சார், ரொம்ப வருஷமாச்சு பேட்டரி வாங்க வந்து"ன்னாரு. அதனால பூட்டு, புகை அலாரம், இந்த ரெண்டுலயும் புத்தகம் என்ன சொல்லுதோ அதையே போடுங்க.

காசு கணக்கு கேட்டீங்கன்னா, கரண்ட்டைக் கணக்குலயே எடுக்க வேண்டாம், டபுள் ஏ ஒன்னை இருநூத்தம்பது தடவை ஏத்தினாதான் ஒரு யூனிட் வரும், அதாவது முப்பது காசு கிட்ட. சார்ஜர் காசையும் சேர்த்து ரயில் ஓடின காலத்துலயே போட்டது திரும்பி வந்துருச்சு. ரிமோட்டும் கடிகாரமும் மட்டும் இருக்கற வீடுன்னா இதெல்லாம் தேவையே இல்ல.

கடைப்பிடிக்க வேண்டிய பழக்கம் கொஞ்சம் இருக்கு. பழசு புதுசு கலந்து போட்டா வீக்கா இருக்கறது சீக்கிரம் சாகும், அதனால மார்க்கர்ல வாங்கின வருஷமும் செட்டுக்கு ஒரு எழுத்தும் எழுதிருக்கேன். டின்ல இருக்கறது சார்ஜ் ஆனது, சார்ஜர் பக்கத்துல கிடக்கறது காலி. இந்த ஒரு ரூல் வீட்ல நிலைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. செத்துப்போன முதல் செட்டை ரொம்ப நாள் வெச்சிருந்து, 2021ல மின்கழிவு சேகரிக்கற இ-வேஸ்ட் திட்டம் வந்தப்புறம்தான் மால்ல இருக்கற தொட்டியில முனைக்கு டேப் ஒட்டிப் போட்டேன்.

தீபாவளிக்கு பூஜை ரூம்ல மாட்டற பேட்டரி லைட் சரத்துல போட்டா வெளிச்சம் மங்கிடுது, மூணு பேட்டரிக்கு 4.5 வர வேண்டிய இடத்துல 3.6தானே வருது. மனைவி முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாங்க, "என்னங்க, சாமிக்குமா மிச்சம் பிடிக்கறீங்க"ன்னாங்க. போன வருஷத்துல இருந்து பிளக் சரம்.