டெட்ராய்ட்டின் பாழ்வீடுகள்: இடிப்பதா, சரிசெய்து விற்பதா?

1950-ல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 6.39 லட்சம்தான். கார் ஆலைகள் இடம் மாறின, வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், 2008 வீட்டுக்கடன் சரிவில் இன்னும் பலர் வீட்டை இழந்தார்கள், சொத்துவரி பாக்கிக்காகப் பறிமுதல் ஆனவை தனி. 2014-ல் தெருத்தெருவாக எண்ணியபோது பாழடைந்தவையும் பாழாகிக்கொண்டிருப்பவையுமாக 78,000 கட்டடங்களுக்கு மேல் தேறின. என் ஓட்டு சரிசெய்து விற்பதற்குத்தான். ஆனாலும் இடிக்கச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு ஒவ்வொரு ராத்திரியும் பயம்தான். எப்போது தீப்பிடிக்கும், உள்ளே யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் அந்த வழியாகத்தானே பள்ளிக்கூடம் போக வேண்டும்? இடித்துவிட்டால் அந்தப் பயம் ஒரே நாளில் போய்விடும். வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்களுக்காக ஒதுக்கப்பட்ட மத்திய அரசு நிதியிலிருந்தே 25 கோடி டாலருக்கு மேல் டெட்ராய்ட்டில் இடிப்பு வேலைக்குப் போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பணம் முன்னாடியே வந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் வெளியேறாமலே இருந்திருக்கும்! அதோடு, பழைய வீடு இடியும்போது ஈயப் பெயின்ட் தூசி பறக்கும். இடித்த பிறகு மிஞ்சுவது காலிமனை, அதற்கும் புல் வெட்ட ஆள் வேண்டும்.

சரி, புதுப்பிப்பது சுலபமா என்றால் அதுவும் இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்த ஒரு வீட்டில் முன்வாசல் செங்கல் தூண்கள் அசையாமல் நின்றன, ஓக் மரப் படிக்கட்டு கையால் தடவிப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு நன்றாக இருந்தது. ஆனால் காயலான் கடையில் போடுவதற்காகச் செம்புக் குழாய்களை யாரோ சமையலறைச் சுவரைப் பிளந்து உருவியிருந்தார்கள், கூரையில் ஓர் ஓட்டை, அதற்கு நேர்கீழே தரைப்பலகை பஞ்சாக ஊறிப்போயிருந்தது. இப்படிப்பட்ட வீட்டை, ஆளில்லாத வீடுகளையும் மனைகளையும் தன் பெயரில் வைத்து விற்கும் பொது அமைப்பான லேண்ட் பேங்க்கின் ஏலத்தில் 1,000 டாலர் ஆரம்ப விலைக்கு விடுகிறார்கள், ஆறு மாதத்துக்குள் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பல தெருக்களில் பழுதுபார்க்கும் செலவு, முடித்த பிறகு வீடு விலைபோகும் தொகையைத் தாண்டிவிடும். அதனால் வங்கி கடன் தருவதில்லை. கையில் ரொக்கம் இருப்பவர்தான் வாங்க முடிகிறது, அந்தத் தெருவிலேயே காலம்பூராவும் வாடகை கொடுத்தவருக்கு வாய்ப்பில்லை.

2020 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட 25 கோடி டாலர் கடன்பத்திரத் திட்டம் கிட்டத்தட்ட 8,000 வீடுகளை இடிப்பது, 8,000 வீடுகளைக் காப்பாற்றுவது என்று பிரித்தது. இந்தப் பாதிக்குப் பாதி கணக்கை நான் ஏற்கவில்லை. தீயில் கருகியதையும் அடித்தளம் சாய்ந்ததையும் இடிக்கட்டும். மற்ற வீடுகளில் முதல் செலவு கூரைக்குத்தான் போக வேண்டும். கூரை ஒழுகாத வீடு இன்னும் சில குளிர்காலம் தாங்கும், அதற்குள் வாங்க ஆள் வரலாம்.

இடித்தாகிவிட்ட இடங்களில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஒட்டிய வீட்டுக்காரருக்கே அந்த மனையை 100 டாலருக்குக் கொடுப்பது. எல்லோரும் போன பிறகும் அந்தத் தெருவில் நடைபாதைப் பனியை வாரிக்கொண்டிருந்தவர் அவர்தானே.