கூரைக்கு இன்சுலேசன் போடுகிறவர்கள் கவனம்: சீலிங்கை மூட முன்பு ஏறிப் பாருங்கள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் சீற் கூரை வீடுகளாகப் பார்த்து, "இன்சுலேசன் அடிச்சுத் தாறம், வீடு குளிரும்" என்று ஆட்கள் வருகிறார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மேல்மாடியில் மத்தியானம் இருக்கவே ஏலாது. அந்தக் காலம் பார்த்துத்தான் எங்களிடமும் வந்தார்கள்.

காட்டிய சாம்பிளில் இரண்டு பக்கமும் அலுமினியத் தாள், நடுவில் காற்றுக் குமிழ்கள். கூரையில் அடித்ததோ ஒரு பக்கம் மட்டும் வெள்ளி மினுக்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக். ஒரு மூலையைக் கசக்கினால் தெரிந்துவிடும்: அலுமினியத் தாள் கசங்கியபடியே நிற்கும், பிளாஸ்டிக் திரும்ப விரியும்.

அதைவிட மோசம் அடித்த விதம். மினுங்கும் பக்கம் வேலை செய்ய அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும், குறைந்தது 25 மில்லிமீற்றராவது. இவர்கள் மினுங்கும் பக்கத்தைச் சீற்றோடு ஒட்ட அழுத்தி அடித்திருக்கிறார்கள். சூடு அப்படியே கீழே இறங்குகிறது. பொருத்துகளில் டேப் இல்லை. அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைத்த தூசு வேறு கட்டில் முழுக்க. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது என்று வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியாதா?

வெக்கை குறையவில்லையே என்று கேட்டதற்கு, "ரெண்டு கிழமை போகட்டும் அண்ணா, செற் ஆகும்" என்றார் பொறுப்பாக நின்றவர். பச்சைப் பொய். ஒழுங்காக அடித்திருந்தால் அடுத்த மத்தியானமே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஃபேன் பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீசியன் தம்பி சீலிங் பலகையைக் கழற்றியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஸ்டேப்பிள் ஊசி ஒன்று வயரின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. அது நிஜ அலுமினியத் தாளாக இருந்திருந்தால் கூரையின் கீழ்ப்பக்கம் முழுக்க மின்சாரம் பாய்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. இதை நினைக்க இன்னும் நெஞ்சு பதறுகிறது.

இப்போது அவர்கள் போன் எடுப்பதில்லை. பில்லில் வெறுமனே "கூரை வேலை" என்றுதான் எழுதியிருக்கிறது. நீங்கள் சாமானின் பெயர், தடிப்பு, இடைவெளி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சீலிங் மூட முன்பு டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டே மிச்சக் காசைக் கொடுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் எழுத்து மூல முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் படங்களோடு கொடுத்துவிட்டோம்.