பெரம்பூரில் ஒரு டாங்கோ கச்சேரி

அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவின் நவீன வடிவத்தை வாசிக்க முன்வரும் குழுக்கள் பெரும்பாலும் அதன் கரடுமுரடை இழைத்து எடுத்துவிட்டு, ஹோட்டல் வரவேற்பறையில் ஒலிக்கத் தகுந்த பின்னணி இசையாக அதை ஆக்கிவிடுகின்றன. பெரம்பூரில் ஒரு பள்ளியின் கலையரங்கில் அண்மையில் வாசித்த ஐவர் குழு அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. குறைகள் இருந்தும் இக்கச்சேரியைப் பொருட்படுத்த வேண்டியிருப்பது அதனால்தான்.

பாண்டோனியன் (பொத்தான்கள் கொண்ட துருத்திக் கருவி), வயலின், பியானோ, எலக்ட்ரிக் கிடார், டபுள் பேஸ் என்ற சேர்க்கை, அர்ஜென்டினாவின் இசையமைப்பாளரும் பாண்டோனியன் கலைஞருமான ஆஸ்டர் பியாசோலா 1960இல் தம் முதல் ஐவர் குழுவுக்கு வகுத்துக்கொண்டது. அனிபால் ட்ரொய்லோவின் நடன இசைக்குழுவில் வாசித்து வளர்ந்து, 1954இல் பாரிஸ் சென்று மேற்கத்திய செவ்வியல் இசை ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் பயின்று திரும்பிய அவர், ஆடுவதற்கென்றே இருந்த டாங்கோவை உட்கார்ந்து கேட்கும் இசையாக மாற்றினார்; அதற்காகப் பழைய ரசிகர்களிடம் தாராளமாக வசவும் வாங்கினார். ரயில்வே குடியிருப்புகளில் பால்ரூம் நடனம் பழகிய ஆங்கிலோ இந்திய முதியவர்கள் சிலர் அன்று வந்திருந்தார்கள். கால் தாளம் போடத் தொடங்கி, இரண்டாம் உருப்படியிலேயே அதை நிறுத்திக்கொண்டார்கள்.

நிகழ்ச்சியின் நடுநாயகம், 1965 முதல் 1970 வரை பியாசோலா எழுதிய ‘புவெனஸ் அயர்ஸின் நான்கு பருவங்கள்’. ‘கோடை’யில் வயலின் கலைஞர் வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அப்பால், அதாவது ஸ்வரம் பேசாத குறுகிய தந்திப் பகுதிக்குக் கொண்டுபோய், சிச்சார்ரா எனப்படும் அந்தக் கரகரப்பை அளவறிந்து எழுப்பினார். டபுள் பேஸ் கலைஞரோ உள்ளங்கையால் மரத்தைத் தட்டிக்கொண்டே, எட்டு அட்சரங்களை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரிக்கும் நடையைக் கடைசிவரை தளரவிடவில்லை. ஆதி தாளத்துக்குப் பழகிய கைகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். என் பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் போட்ட தாளமே சாட்சி.

பாண்டோனியனுக்குப் பதில் அக்கார்டியன் வைத்ததே பெரிய சிக்கல். ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய பாண்டோனியனில் 71 பொத்தான்கள் இருக்கின்றன; துருத்தியை விரிக்கும்போது ஒரு ஸ்வரமும் மூடும்போது வேறொரு ஸ்வரமும் தருவதால் 142 ஒலிகள் கிடைக்கின்றன. ஆகவே, எங்கே விரிப்பது, எங்கே மூடுவது என்பதே அதில் இசை வாக்கியத்தைத் தீர்மானிக்கிறது. பியானோ அக்கார்டியனுக்கோ எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே ஸ்வரம்தான். கலைஞர் இதை உணர்ந்திருக்கிறார் என்பது தெரிந்தது: ஒலி நடுங்காதபடி ஒரு ஸ்வரத்துக்கு ஒரே உலோக நாக்கு அதிரும் ஒற்றை நாக்கு அமைப்பிலேயே பெரும்பாலும் வாசித்தார், அழுத்தம் விழ வேண்டிய இடங்களில் துருத்தியை வெடுக்கென்று இழுத்தார். வேகமான ‘ஃபூகா இ மிஸ்தேரியோ’வில் இந்த உத்தி பலித்தது. தந்தையின் மறைவையொட்டி 1959இல் பியாசோலா இயற்றிய ‘அடியோஸ் நோனினோ’வின் மெதுவான பகுதியில் மட்டும், மூச்சு வாங்காமல் ஓடிய ஒலியில் துக்கம் குறைந்து இனிப்புக் கூடிவிட்டது.

பியானோவுக்கு மின்விசைப்பலகை என்பதை இடநெருக்கடி கருதி மன்னிக்கலாம். ஆனால் ‘குளிர்கால’த்தின் முடிவில் ஐரோப்பாவின் பழைய பரோக் இசையை நினைவூட்டும் பகுதிக்கு வேண்டிய கனம் இடது கையில் இல்லை. கிடார் கலைஞர் பிழையின்றி வாசித்தார், அவ்வளவே. இவ்வளவு சிறிய அரங்கில் ஒலிபெருக்கியை அந்த அளவுக்கு ஏற்றியது தேவையில்லாத வேலை. தடதடவென்று மரத்தைத் தட்டும் ஓசை முன்வரிசையில் காதை அறைந்தது.

நுழைவுக் கட்டணம் முந்நூறு ரூபாய். இந்த உழைப்புக்கு அது குறைவுதான். அடுத்த முறை நடன டாங்கோ குழு நடத்திய ஓஸ்வால்டோ புக்லியேசேயின் உருப்படி ஒன்றையாவது சேர்த்தால், பியாசோலா எதிலிருந்து விலகி வந்தார் என்பதும் கேட்பவர்களுக்கு விளங்கும். போகிறவர்கள் பின்வரிசையில் இடம் பிடிப்பது உத்தமம்.