திருவனந்தபுரம் சென்ட்ரல் பக்கத்தில் விசாலமான ஹோட்டல்: எதைப் பார்த்து எடுப்பது?

நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் திருவனந்தபுரத்தில் ராத்தங்குவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்காக, பத்மநாபசுவாமி தரிசனத்துக்காக, இல்லையென்றால் மறுநாள் விடியற்காலை ரயிலுக்காக. எதற்குப் போனாலும் முதல் நிபந்தனை "ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கணும்" என்பதுதான். இந்த வட்டாரத்து ஹோட்டல்களில் பல வருடங்களாகத் தங்கியும் உறவினர்களைத் தங்கவைத்தும் வருகிறவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்து வேறு. ஒரு இரவுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் செலவழிக்கத் தயார் என்றால் ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரை விட்டு ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பனவிளை, ஸ்டாச்யூ, பாளையம் என்று மேடேறுகிற பக்கத்தில் பாருங்கள்.

முதல் காரணம் மழை. தம்பானூர் தாழ்ந்த இடம். ஆமையிழஞ்சான் தோடு என்கிற ஓடை ஸ்டேஷன் தண்டவாளங்களுக்கு அடியில் புகுந்துதான் ஓடுகிறது. அதில் குப்பை அடைத்துக்கொண்டால் மேட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டிலேயே நிற்கும். 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஓடைகளைத் தூர்வாரி, ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். அதன் பிறகும் கனமழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும், ஸ்டேஷனிலிருந்து முந்நூறு மீட்டரில் இருக்கிற ஹோட்டலுக்குப் பெட்டியோடு போய்ச் சேருவது பாளையத்துக்கு ஆட்டோவில் போவதைவிடப் பெரும்பாடாகிவிடும். காரில் வருகிறவர்கள் பார்க்கிங் தரைமட்டத்திலா, அடித்தளத்திலா என்று கேட்டுவிட்டுப் புக் பண்ணுங்கள்.

தூரத்தையும் மேப்பில் காட்டுகிற மீட்டரை வைத்து நம்பாதீர்கள். சென்ட்ரலுக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு: ஒன்றாம் பிளாட்பாரமும் பேருந்து நிலையமும் இருக்கிற தம்பானூர் பக்கம், அதற்கு நேர் பின்னால் பவர்ஹவுஸ் ரோட்டுப் பக்கம். பத்மநாபசுவாமி கோயில் இருக்கிற கிழக்கேகோட்டைப் பக்கம் தங்குகிறவர்களுக்குப் பின்வாசல்தான் வசதி. ஸ்டாச்யூ, பாளையம் போகிறவர்கள் தம்பானூர் பக்கம் இறங்க வேண்டும். வாசல் மாறி இறங்கினால் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டியதுதான். ஆட்டோ கட்டணம் 2022 மே மாதத் திருத்தப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை பாதி கூடுதல். பாளையம் வரை போனாலும் பெரிய தொகை ஆகாது. மிச்சம் பிடிக்க நினைத்து நெரிசலுக்குள் தங்க வேண்டிய அவசியமே இல்லை.

அறையின் அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 280 சதுர அடி என்று போட்டிருந்தால் குளியலறையும் நுழைவு நடையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. குளியலறைக்கு 50, நடைக்கும் அலமாரிக்கும் 40 போனால் 190 மிஞ்சும். பெரிய கட்டில் 40, மேசையும் சோபாவும் 35. கையில் 115 சதுர அடி. அதில் ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டால் நூறுக்குக் கீழே வந்துவிடும். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்துவிட்டு நடமாட முடியாது. அப்பா அம்மாவோடு, பிள்ளைகளோடு போகிறவர்கள் 350 சதுர அடிக்குக் குறைந்து எடுக்க வேண்டாம். அது கிடைக்காவிட்டால் நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகளைக் கேளுங்கள்.

போட்டோவை நம்பலாமா? அகலக் கோண லென்ஸில் எடுத்தால் எந்த அறையும் மண்டபம் போலத் தெரியும். தரையில் டைல்ஸ் இருந்தால் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ்தான் போடுவார்கள். கட்டிலுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் ஒரு டைல்ஸ் மட்டும் தெரிந்தால் அங்கே இருப்பது இரண்டே அடி. சக்கர நாற்காலி அதில் நுழையாது. வயதானவர்கள் கூட வந்தால் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். குளியலறைக் கதவு திறந்தால் 30 அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா? உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? பாத்டப்புக்குள் ஏறி நின்று குளிக்கிற அமைப்பு முட்டிவலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

சத்தம் விஷயத்தில் மேல்மாடி கேட்டு வாங்கினால் தப்பிக்கலாம் என்று ஒரு நினைப்பு உண்டு. தண்டவாளத்தைப் பார்த்த பக்கம் என்றால் மேலே போகப் போக மறைப்பு குறைந்து, ஹாரனும் அறிவிப்பும் நேரே வந்து விழும். மாடியைவிட ஜன்னல் முக்கியம். பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கிற ஜன்னலில் பிரஷ் பட்டைதான் இருக்கும், அதன் இடுக்கு வழியே சத்தம் வரும். கைப்பிடியைத் திருகி மூடினால் ரப்பர் பட்டையில் அழுந்திக்கொள்கிற ஜன்னல் நல்லது, இரட்டைக் கண்ணாடி என்றால் இன்னும் நல்லது. முகூர்த்த நாளாக இருந்தால் கல்யாண ஹால் எந்த மாடியில் என்றும் விசாரித்து, அதற்கு மேல் மாடியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனி, ஆடியில் கார்ப்பெட் போட்ட அறைகளில் ஈரவாடை அடிக்கும். சாவி அட்டையை எடுத்ததும் ஏசி நின்றுபோகிறது, காலி அறையில் ஈரம் தங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். டைல்ஸோ மரத்தரையோ போட்ட அறை கேட்டு வாங்குங்கள். அறைக்குள் போனதும் திரைச்சீலையின் அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள். வாடை இருந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே மாற்றிக் கேட்டுவிட வேண்டும்.

காசர்கோடு வந்தே பாரத் காலை ஐந்தேகால் வாக்கில் புறப்படுகிறது. அந்த நேரத்தில் எந்த பஃபேயும் திறந்திருக்காது. சி.பி. என்று காலை உணவோடு காசு கட்டியிருந்தால் முந்தின நாள் இரவே பார்சல் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் உணவு சேர்க்காத ஈ.பி. கட்டணமே மேல். இந்த ஒரு ரயிலுக்காக மட்டும் ஸ்டேஷன் வாசலில் தங்குவதில் அர்த்தம் உண்டு.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 7,400 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,770. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. எல்லையை ஒட்டி வாடகை சொன்னால் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கல் சமயத்தில், மாசி மாதம், ரோடு முழுக்கப் பெண்கள் பொங்கலிடுகிற அடுப்புதான். வண்டி நகராது, அறையும் கிடைக்காது. டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா, கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் என்று அதற்கும் முன்கூட்டியே பதிவு வேண்டும்.

ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையம், ஸ்ரீசித்ரா இதய, நரம்பு ஆஸ்பத்திரி போகிறவர்களுக்குத் தம்பானூரும் வேண்டாம், பாளையமும் வேண்டாம். இரண்டும் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், பட்டம், உள்ளூர் என்கிற இடங்களைத் தாண்டி இருக்கின்றன. காலை நெரிசலில் நோயாளியை அந்த ரோட்டில் உட்காரவைப்பது கொடுமை. அறை சற்றுச் சிறியதாக இருந்தாலும் அந்த உள்ளூர் என்கிற இடத்துப் பக்கமே எடுத்துவிடுங்கள்.