படத்தில் கண்ட கார் வேறு, கானாடுகாத்தானுக்கு வந்த கார் வேறு

தேவகோட்டையில் திருமணப் புகைப்படத் தொழில் செய்துவரும் நான், கடந்த மாசி மாதம், படமெடுக்கக் கார் ஏற்பாடு செய்துதரும் ஒரு ஏஜென்டின் விளம்பரத்தை நம்பி ஒன்பதாயிரம் ரூபாயையும் ஒரு நல்ல காலைப் பொழுதையும் இழந்தேன். அதே ஏஜென்ட் இப்போது காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்துப் புகைப்படக்காரர்களுக்கும் அந்த விளம்பரத்தை அனுப்பிக்கொண்டிருப்பதால், அவர் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

1985-இல் வெளிவந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலப்பயணம் செய்யும் டெலோரியன் காரைப் பலரும் அறிவார்கள். வட அயர்லாந்தில் 1981 முதல் ஓரிரு ஆண்டுகள் மட்டும், ஏறத்தாழ ஒன்பதாயிரம் எண்ணிக்கையில் தயாரான வண்டி அது. பெயின்ட் பூசாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பும், சிறகு விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுமே அதன் அடையாளம். ரசிகர் ஒருவர் அச்சு அசலாகக் கட்டிய மாதிரி தங்களிடம் இருக்கிறது, உடம்பு முழுவதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் முறையான அனுமதியோடு மூன்று மணி நேரம் படமெடுக்கலாம், தெருவில் ஓடவிட்டும் எடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் கூறியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்ட செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பும் பெயின்ட் இல்லாத எஃகின் மங்கிய மினுப்பும் ஒரே வெயிலில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில், மறுபேச்சில்லாமல் நாலாயிரம் ரூபாய் முன்பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் வேறொருவர் பெயர் தெரிந்தபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

காலை ஆறரை மணிக்கு வரவேண்டிய வண்டி, வெயில் ஏறிய பிறகு எட்டு இருபதுக்கு ஒரு மினி லாரியின் மேல் வந்தது. மீதி ஐயாயிரத்தைக் கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள், கொடுத்தேன். இறக்கியதும் வீட்டுக் காவல்காரப் பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, “யாரைக் கேட்டு வண்டிய இங்க இறக்குனீக?” என்றார். அனுமதி என்று எதுவுமே வாங்கப்படவில்லை. ஏஜென்டைத் தொலைபேசியில் அழைத்தபோது, அது ‘தனிக் கட்டணம்’ என்றும் இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு அனுப்பினால் பேசி முடிப்பதாகவும் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பெரியவர் மனமிரங்கி, முகப்புக்குள் நுழையாமல் வெளியே தெருவோரம் நின்று அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கார், பழைய மாருதி 800 ஒன்றின் மேல் ஃபைபர் உடம்பைப் பொருத்திச் செய்தது. அசல் டெலோரியன் 1.14 மீட்டர் உயரமே உள்ள தாழ்ந்த வண்டி; எஞ்சின் பின்புறம் இருக்கும். இதுவோ அதைவிட ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து, எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு நின்றது. ஏஜென்ட் அப்போதும் “ஸ்டீல்தான் சார், பாலிஷ் போட்டிருக்கு” என்று தொலைபேசியில் சாதித்தார். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் டெலோரியனுக்குப் பயன்பட்ட 304 ரக எஃகிலும் காந்தம் ஒட்டாது, ஃபைபரிலும் ஒட்டாது. எனவே லென்ஸில், பெயின்ட், கண்ணாடி போன்றவற்றின் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டி, பக்கவாட்டில் சாய்ந்து நின்று மெல்லத் திருப்பினேன். வெறும் உலோகத்தின் பளபளப்பை அந்த ஃபில்டரால் அநேகமாக அசைக்க முடியாது. இங்கே வானத்தின் பிரதிபலிப்பு சட்டென்று அணைந்து, அடியில் சாம்பல் நிற ஸ்பிரே பெயின்டும் அது வழிந்து உறைந்த இரண்டு சொட்டுகளும் தெரிந்தன. வலப்பக்கக் கதவு மட்டுமே மேல்நோக்கித் திறந்தது. திறந்த கதவு நிற்பதற்கு ஒரு பிவிசி குழாயை முட்டுக் கொடுத்தார்கள்.

வண்டியோடு வந்த மெக்கானிக்தான் அதைக் கட்டியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்தாராம். உள்ளே குனிந்து பார்க்கச் சொன்னார். காலப்பயணத்தின் தேதிகளைக் காட்டும் எண் விளக்குகள், படத்தில் உள்ளபடியே சேருமிடக் காலம் சிவப்பிலும், தற்காலம் பச்சையிலும், கடைசியாகப் புறப்பட்ட காலம் மஞ்சளிலும் மூன்று வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் அவரே கையால் சால்டர் வைத்திருந்தார். ஏழு கோடுகளால் எண்களைக் காட்டும் டிஸ்ப்ளேயில் ஆங்கில மாத எழுத்துகள் வராதென்பதால் நவம்பருக்குப் பதில் 11 என்று போட்டிருப்பதை, நான் கேட்காமலே, கூச்சத்தோடு சொன்னார். ஸ்டீல் என்று தான் யாரிடமும் சொன்னதில்லை என்றும், விளம்பரத்தில் இருந்தது இணையத்தில் எடுத்த வேறு காரின் படம் என்றும், இந்த ஒன்பதாயிரத்தில் தனக்குப் பேசியது ஆயிரத்து ஐந்நூறு என்றும் தெரிவித்தார். தெருவில் ஓட்டிக் காட்ட முடியுமா என்றேன். பதிவில் உள்ளதற்கு மாறாக உருமாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது, அதனால்தான் லாரியில் ஏற்றி வருகிறேன் என்றார். ஃபைபர் மாதிரி என்று உண்மையைச் சொல்லி, அந்த விளக்குகளை எடுக்கவாவது அழைத்திருந்தால், நான் இதே பணத்தைக் கொடுத்து வந்திருப்பேன்.

ஏஜென்ட் அன்று மாலை, பணத்தைத் திருப்புவதைப் பற்றிப் பேசுவதற்காகச் சில படங்களை அனுப்பும்படி கேட்டார். நானும் நம்பி ஐந்து படங்களை அனுப்பினேன். பணம் வரவில்லை. பத்து நாளில் அவற்றில் ஒன்று அவருடைய முத்திரையோடு புதிய விளம்பரமாக எனக்கே வந்தது. பணம் கொடுத்து எடுத்தவன் நான். யாரும் கூலி கொடுத்து என்னை எடுக்கச் சொல்லவில்லை. ஆகவே அந்தப் படங்களின் பதிப்புரிமை என்னுடையது என்று எழுதி அனுப்பியதற்குப் பதில் இல்லை. பணப் பரிமாற்ற விவரம், விளம்பரம், உரையாடல் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதற்கான மனுவும் தயாராகிறது.

விளம்பரம் உங்களுக்கு வந்தால் அடையாளம் காண்பது எளிது. கதவு திறந்த நிலையில், பின்னால் சுண்ணாம்புச் சுவரும் முன்னால் செம்மண் தரையுமாக உள்ள படம் அது. பிவிசி குழாயைப் படத்திலிருந்து சுத்தமாக அழித்துவிட்டார்கள். செம்மண்ணில் விழுந்த அதன் நிழலை அழிக்க மறந்துவிட்டார்கள்.